சிவப்பு நட்சத்திரம் போட்ட ஐந்து கட்டங்கள்

1. மெயின் சுவிட்ச்

பள்ளி திறந்து இரண்டாம் நாள், மூன்றாம் பீரியட். நான் பத்தாம் வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று பள்ளி முழுக்க மின்சாரம் போனது. ஃபேன் நின்றது. வகுப்பே ஒரே குரலில் "ஓ" என்றது. கீழே பிரின்சிபால் மேடம் ஹெட் ஆபீஸோடு ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தார். அதுவும் பாதியில் அறுந்தது.

வெளியே ஓடிப் பார்த்தால், வராந்தா கோடியில் உள்ள மெயின் பாக்ஸின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டெல்லா மிஸ் நிற்கிறார். ஒரு கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது.

"என்ன மிஸ் ஆச்சு?"

"அந்த ஆளு வாய மூட மாட்டேங்கிறான் சார். நாலு வாட்டி அமுக்கிட்டேன். அமுக்க அமுக்க ஹலோ பிரெண்ட்ஸ், ஹலோ பிரெண்ட்ஸ்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறான். பேஜாராப் போச்சு. இறக்கிட்டேன்."

அந்த ஆள் என்று அவர் சொன்னது ஒரு குரலை. அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியின் கரும்பலகைகளைக் கழற்றிவிட்டு, வகுப்புக்கு ஒன்றாக டச் ஸ்கிரீன் பேனல் மாட்டியிருந்தார்கள். அதோடு கம்பெனிக்காரர்கள் பதிவு செய்த பாடங்களும் வந்தன. மாட்யூல் என்று பெயர். எந்த ஆசிரியர் எத்தனை நிமிடம் மாட்யூல் ஓட்டினார் என்பது ஹெட் ஆபீஸில் ஒரு டேஷ்போர்டில் தெரியும். பாடம் புரிந்ததா என்பது எங்கேயும் தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து இருபத்து நான்கு வருஷம் பிசிக்ஸ் நடத்தி, இந்த வருஷம் ஓய்வு பெற்றவன். லேப்பில் எது பழுதானாலும் ஸ்க்ரூ டிரைவரோடு போய் நிற்பேன். அந்தப் புண்ணியத்துக்கு என்னை டிஜிட்டல் கோஆர்டினேட்டர் ஆக்கினார்கள். ஒரு பீரியட் கூடக் குறைக்கவில்லை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஒரு வரி கூடியது. அந்த ஒரு வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் மைசூர்க்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வரும்.

"நோடி சார், ஸ்டெல்லா மிஸ்ஸை நீங்கதான் பாத்துக்கணும். பதினோரு வாரம், வாரம் ஒரு கிளாஸ் போய் உக்காருங்க, சொல்லிக் குடுங்க, ஷீட் ஃபில் பண்ணுங்க. மார்ச்ல கான்ட்ராக்ட் ரின்யூவல் வருது. பேனல் வராத டீச்சரை ஹெட் ஆபீஸ் வெச்சுக்காது. ஆயித்தா, சரியா?"

எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் வருஷ கான்ட்ராக்ட்தான். மேடம் சொன்னதை அப்படியே ஸ்டெல்லா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் காக்ஸ் டவுனிலிருந்து வருபவர், பயாலஜி. என்னைவிட மூன்று வயது சின்னவர். பதினேழு வருஷமாக ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் நாற்காலி. நாக்கு கத்தி மாதிரி. அன்று மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பீன்யால எங்க வீட்டுக்காரர் வேலை பாத்த ஃபேக்டரிய மூடிட்டாங்க சார். ஒரு வருஷமா வீட்லதான் இருக்காரு. காலைல டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு கிளம்பற ஆளு இப்ப நான் ஒருத்திதான். இந்த வயசுல வேற ஸ்கூல்ல யாரு சார் வேலை குடுப்பாங்க? எப்படியாவது இத கத்துக் குடுத்துடுங்க."

நான் கற்றுக் கொடுத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

2. முதல் வாரம் இரண்டு பட்டன்

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக, செய்த முறையைச் சொல்கிறேன். சக ஆசிரியருக்குக் கருவி சொல்லிக் கொடுப்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒன்றில்லை. பிள்ளைகளுக்குத் தப்புப் பண்ண வெட்கம் கிடையாது. ஐம்பது தாண்டிய டீச்சருக்கு, தன் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் விழிப்பதைவிட சாவே மேல் என்றிருக்கும்.

அதனால் முதல் வாரம் இரண்டே பட்டன். பவர், ம்யூட். இந்த இரண்டும் தெரிந்தால் பேனல் அவரை அவமானப்படுத்த முடியாது. இரண்டாம் வாரம் பேனா, அழிப்பது. மூன்றாம் வாரம் படம் கொண்டுவந்து வைத்து அதன் மேல் எழுதுவது. காலை பிரேயருக்கு முன் காலி வகுப்பில் இருபது நிமிடம் பழகுவோம். நான் பேனலைத் தொட மாட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். பொறுமையில்லாமல் பிடுங்கிச் செய்து காட்டினால் அவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள், உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"அந்த சோர்ஸ் பட்டன் எங்க சார்?"

"நேத்து எங்க இருந்துது?"

"வாத்தியார் புத்தி போகுதா பாரு" என்று திட்டிக்கொண்டே கண்டுபிடிப்பார்.

உள்ளங்கை பட்டால் ஸ்கிரீனில் கோடு விழும். அவருக்குப் பலகையில் கையை ஊன்றி எழுதும் பழக்கம். வகுப்பில் அவர் வரைந்த இதயத்துக்கு நாலு வால் முளைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பி, "ஏன், நல்லாத்தானே இருக்கு? உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாரு, அவர் இதயமும் இப்படித்தான் கிழிஞ்சிருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவரோடு சேர்ந்துதான் சிரித்தார்கள்.

இனி ஷீட். ஒவ்வொரு வாரமும் வகுப்பைப் பார்த்த பிறகு, என் போனில் வரும் ஆன்லைன் படிவத்தை நான் நிரப்ப வேண்டும். ஆசிரியர் பெயர், வகுப்பு, தேதி. அதன் கீழே "கவனித்த குறைகள்" என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறிய சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தால் நிரப்பியே ஆக வேண்டும். ஒன்றைக் காலியாக விட்டு சப்மிட் அமுக்கினால் போகாது, சிவப்பில் கோடு போட்டுத் திருப்பிவிடும். அதற்கும் கீழே ஆறாவதாக ஒரு கட்டம். அதற்கு நட்சத்திரம் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில்.

முதல் ஐந்து வாரம் எனக்குச் சிரமம் இல்லை. ஐந்து குறை நிஜமாகவே இருந்தது. உள்ளங்கையை ஊன்றுகிறார். பேனலை மறைத்து நிற்கிறார். பாஸ்வேர்டை மறக்கிறார். சத்தத்தைக் குறைக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். ஃபைலை எங்கே சேமித்தோம் என்று தேடுகிறார். குறைகளை எழுதினால்தான் எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று மேலே தெரியும் என்று நினைத்தேன். டாக்டரிடம் நோயை மறைக்கக் கூடாது என்பது மாதிரி. அவர்கள் டாக்டர் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

3. வெங்காயத் தோல்

ஆறாவது வாரம் நான் ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா மிஸ் லேப்பிலிருந்து ஒரு மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை வெட்டி நடுவில் ஓட்டை போட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கும் இடத்தில் சொருகி, அதன் மேல் தன் போனை வைத்து இரண்டு ரப்பர் பேண்ட் போட்டார். போனில் தெரிவதைப் பேனலுக்கு அனுப்பும் வித்தையை நான்தான் அதற்கு முந்தைய வாரம் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஸ்பான்ஜ் அவருடைய மூளை.

சிவப்பு வெங்காயத்தின் தோலை உரித்து ஸ்லைடில் வைத்திருந்தார். பேனல் முழுக்க ஊதா நிறத்தில் செங்கல் அடுக்கியது போல செல்கள் வந்து நின்றன.

"இப்ப பாருங்க. ஒரு சொட்டு உப்புத் தண்ணி."

சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருந்த ஊதா, சுவரை விட்டு மெல்ல விலகிச் சுருங்க ஆரம்பித்தது. ஒரு பெண் எழுந்து நின்று, "மிஸ், அது பயப்படுது" என்றாள்.

"பயம் இல்லடி. உள்ள இருக்கற தண்ணிய உப்பு வெளிய இழுக்குது. ஊறுகாய் ஏன் கெடறதில்ல? யோசி. மாங்காய்லயும் இதான் நடக்குது."

அடுத்து நல்ல தண்ணீரை விட்டார். ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். என் சர்வீசில் அப்படி ஒரு வகுப்பை நான் நடத்தியதில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து ஷீட்டைத் திறந்தேன். ஐந்து நட்சத்திரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுத ஒரு குறையும் இல்லை.

"என்ன சார், சாப்பிடாம போனையே பாத்துட்டு இருக்கீங்க?"

"குறை வேணும் மிஸ். அஞ்சு. இல்லன்னா இது போக மாட்டேங்குது."

அவர் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா? எங்க வீட்டுக்காரர கேட்டா அம்பது குடுப்பாரு. எழுதிக்கோங்க. மிஸ் பேனல்கிட்ட கோவிச்சுக்கிறாங்க."

"பொறுமை இழக்கிறார்" என்று ஆங்கிலத்தில் தட்டினேன்.

"ரெண்டாவது, மிஸ்ஸுக்கு அந்த ஹலோ பிரெண்ட்ஸ் ஆளப் பிடிக்கல."

"மாட்யூல்களைப் பயன்படுத்தத் தயங்குகிறார்."

"மூணாவது, யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க, தன் இஷ்டத்துக்குத்தான் பண்ணுவாங்க. நாலாவது, கிளாஸ் ரூமுக்கு வெங்காயம் கொண்டு வர்றாங்க. ஒரே நாத்தம்."

நாலாவதை, "அனுமதியில்லாத பொருள்களை வகுப்பில் பயன்படுத்துகிறார்" என்று நான் எழுதியபோது, எனக்கே சிரிப்பு வந்து சோறு புரையேறியது. அவர் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார்.

"பாத்து சார். யாரு இத படிக்கப் போறா?"

அதுதான் எங்கள் வழக்கமாகிப் போனது. ஆறாம் வாரத்திலிருந்து பதினோராம் வாரம் வரை, மதியம் சாப்பாட்டின்போது ஸ்டெல்லா மிஸ் தன் குறைகளைத் தானே சொல்வார். நான் அதை ஆபீஸ் ஆங்கிலத்தில் தட்டுவேன். வாரத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் நாங்கள் மனம்விட்டுச் சிரித்த நேரம். ஆறாவது கட்டத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று படிக்காமலில்லை. "முன்னேற்றம்" என்று கேட்டிருந்தது. டெர்ம் முடியும்போது மொத்தமாக, நன்றாக, ஒரு பக்கத்துக்கு எழுதித் தரலாம் என்று விட்டுவிட்டேன். கட்டாயமில்லாததை யார் செய்கிறார்கள்?

இன்னொன்றும் தெரிந்திருந்தது. போனிலிருந்து பேனலுக்கு அனுப்பி நடத்தும் வகுப்பு டேஷ்போர்டில் ஏறாது. மாட்யூல் ஓடினால்தான் நிமிடம் ஏறும். வெங்காய வகுப்பு நடந்த வாரம் ஸ்டெல்லா மிஸ்ஸின் கணக்கு பூஜ்யம். எங்களிடம் ஒரு சோஷியல் சார் இருந்தார். இன்டர்வெலில் காலி வகுப்பில் மாட்யூலை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். அதிக நிமிடம் வாங்கினார் என்று அவருக்கு அசெம்பிளியில் சர்டிபிகேட் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

நானும் சொல்லிப் பார்த்தேன். "கடைசி பத்து நிமிஷம் அத ஓட விட்டுடுங்க மிஸ். கணக்குல ஏறும்."

"ஓட விட்டுட்டு நான் என்ன சார் பண்றது? அந்த ஆளு பேசப் பேச, பக்கத்துல நின்னு தலையாட்டணுமா?"

"மார்ச் வருது மிஸ்."

"அதான் நீங்க வாரா வாரம் வந்து பாக்கறீங்களே. நான் எப்படி நடத்தறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் நம்பியிருந்தது டேஷ்போர்டை அல்ல, என்னை.

4. மஞ்சள் கோடு

மார்ச் முதல் வாரம் மேடத்தின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேடம், ஸ்டெல்லா மிஸ், ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு ஹெச்.ஆர். பெண். திருப்பூர்ப் பக்கம். முப்பது வயது இருக்கும். மிகவும் மரியாதையான பெண். அந்த மரியாதைதான் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

மேஜை மேல் என் பதினோரு ஷீட்டுகளையும் அச்சடித்து, மூலையில் பின் போட்டு வைத்திருந்தார்கள். வரிகளின் மேல் மஞ்சள் மார்க்கர் ஓடியிருந்தது. நான் நிரப்பியதைக் காகிதத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மேம், நாங்க யாரையும் சும்மா சொல்றதில்லீங்க" என்றது அந்தப் பெண். "பதினொரு வாரம் உங்களுக்கு கோச்சிங் குடுத்திருக்கோம். ஆனா கடைசி வாரம் வரைக்கும் வாரத்துக்கு அஞ்சு குறை வந்துட்டேதான் இருக்குதுங்க. மாட்யூல் நிமிஷமும் ரொம்பக் கம்மி. பொறுமை இழக்கிறார்னு நாலு ஷீட்ல வந்திருக்கு."

ஸ்டெல்லா மிஸ் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "ஐயோ, அது நான்தாம்மா சொன்னேன். சாப்பிடும்போது சும்மா விளையாட்டுக்கு. அஞ்சு எழுதினாத்தான் அது போகுமாம். அதான் நானே சொல்லிக் குடுத்தேன். கேட்டுப் பாரு, சார் இங்கதான் இருக்காரு."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது. குரல் மாறவேயில்லை.

"அப்படிங்களா சார்? அப்ப இது நீங்க கிளாஸ்ல பாக்காம எழுதின ரிப்போர்ட்டுங்களா?"

கேள்வி சின்னது. ஆம் என்றால் பொய் ரிப்போர்ட் கொடுத்தவன் நான். அதே மேஜையில், அடுத்த ஃபைலில், என் ரின்யூவல் காகிதமும் இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூலையில் என் பெயரைப் படித்தேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். மேடம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

வெங்காயத்தைச் சொல்லியிருக்கலாம். உள்ளே சுருங்கி, மறுபடி விரிந்த அந்த ஊதாவைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா, விளையாட்டாத்தான் எழுதினேன், தப்பு என்னுடையது, வாங்க, இப்பவே வந்து அவங்க கிளாஸைப் பாருங்க" என்று நாலு வார்த்தை. வாய் வரை வந்தது. அங்கேயே நின்றது.

"கிளாஸ்ல பாத்ததைத்தான் எழுதினேன்" என்றேன்.

ஸ்டெல்லா மிஸ் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நல்லாப் படிக்கும் பிள்ளை ஒன்று தப்பான விடை சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டுக்குள் வைத்து மூடினார்.

"சரி. அந்த ஷீட்டெல்லாம் எனக்கு ஒரு காப்பி குடுத்துடுங்க" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் தனியாக மேடத்திடம் போனேன். வெங்காய வகுப்பை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். மேடம் கேட்டுக்கொண்டார்.

"சென்னாகி, இவ்வளவு நல்லாச் சொல்றீங்களே சார். நேத்து அவங்க கேட்டப்ப ஒரு வார்த்தை சொல்லலியே. நான் எப்படி இப்ப போய் அது வேற, இது வேறன்னு சொல்றது? ஆயித்து, விடுங்க."

அவர் மேல் அன்று எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் என்ன தப்பு? கோழை அடுத்தவன் மேல்தான் முதலில் கோபப்படுவான்.

கடைசி வேலை நாளன்று ஸ்டெல்லா மிஸ் தன் லாக்கரைக் காலி செய்தார். எதிர் நாற்காலியில் நான் விடைத்தாள் திருத்துவது போலக் குனிந்திருந்தேன். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியில் என் பக்கம் வந்தார். "வரேன் சார்" என்றார். "சரிங்க மிஸ்" என்றேன். அந்த ஸ்பான்ஜை பயாலஜி லேப்பிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த வருஷம் பெற்றோர் வந்து பார்க்கும் ஓப்பன் டேயில், "எங்கள் டிஜிட்டல் வகுப்பறை" என்று ஒரு ஸ்டால் போட்டார்கள். எதைக் காட்டலாம் என்று கேட்டார்கள். பிள்ளைகளே சொன்னார்கள், வெங்காயத் தோல் என்று. செய்து காட்ட ஆள் வேண்டுமே. கோஆர்டினேட்டர் நான்தானே. அதே ஸ்பான்ஜ், அதே ரப்பர் பேண்ட். உப்புத் தண்ணீரை விட்டேன், பெற்றோர் வாயைப் பிளந்தார்கள், மேடம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். யாருடைய யோசனை என்று ஒரு அப்பா கேட்டார். "எங்க ஸ்கூல்ல எல்லாரும் சேர்ந்து பண்றதுதான்" என்றேன். ஒரு தடவை வழுக்கினவனுக்கு இரண்டாம் தடவை வழுக்குவது கஷ்டமே இல்லை.

5. காக்ஸ் டவுன்

ஓய்வு பெற்ற மறு வாரம், ஒரு சனிக்கிழமை காலை, காக்ஸ் டவுனுக்குப் போனேன். சர்ச்சைத் தாண்டி இரண்டாவது சந்து என்று முன்னொரு நாள் அவரே வழி சொல்லியிருந்தார். போவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க" என்று வழிவிட்டார். முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டியூஷன். மூலையில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப், அதன் மேல் போன், வீட்டு டிவியில் ஏதோ ஒரு இலையின் அடிப்பக்கம் பெரிதாகத் தெரிந்தது. ஸ்டெல்லா மிஸ் பிள்ளைகளை வரையச் சொல்லிவிட்டு, என்னைச் சமையல் கட்டுப் பக்கம் இருந்த சின்ன மேஜைக்கு அழைத்துப் போனார்.

டீ கொடுத்தார். சர்க்கரை எனக்குப் பாதிதான் என்பதை மறக்கவில்லை.

"ஸ்கூல் எதுவும் கிடைக்கலியா மிஸ்?"

"நாலு இடத்துல கேட்டாங்க சார், ஏன் அங்கேர்ந்து அனுப்பினாங்கன்னு. டெக்னாலஜி வரலன்னு அனுப்பினாங்கன்னு சொன்னேன். அப்புறம் யாரு கூப்பிடுவா? இது ஓடுது. ஏதோ."

டிவியைப் பார்த்தேன். "இத விட நல்லா யாரு மிஸ் பண்ணுவாங்க?"

"நீங்க கத்துக் குடுத்ததுதானே" என்றார். குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியங்கள் இருந்தன. "மிஸ், அன்னிக்கு அந்த ரூம்ல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க சார். அந்த ரூம்ல யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. நானே உங்க இடத்துல இருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு தெரியாது. அது ஒரு நிமிஷ விஷயம்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே அந்தப் பதினோரு ஷீட்டுகள். மஞ்சள் கோடு ஜெராக்ஸில் சாம்பல் நிறமாக வந்திருந்தது. மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார்.

"தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க. இந்த அஞ்சு கட்டத்துல பாதிக்கு மேல நான் சொன்னதுதான். அதுக்கு உங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன்." விரலைக் கீழே நகர்த்தினார். "ஆனா இங்க பாருங்க. இது ஆறாவது. இதுல நான் உங்களுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. இது ஒரு நிமிஷத்துல வந்த பயமும் இல்ல. பதினோரு வாரம். ஒரு வாரமாவது நீங்களா ஒரு வரி எழுதியிருக்கலாமே சார்."

உள்ளே ஒரு பிள்ளை, "மிஸ், முடிச்சிட்டேன்" என்று குரல் கொடுத்தது. அவர் எழுந்து போனார். நான் அந்தத் தாள்களோடு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கும் இளைய ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உங்களையும் ஒரு நாள் மெண்டர், கோச், கோஆர்டினேட்டர் என்று ஏதாவது ஒன்று ஆக்குவார்கள். உங்கள் கையிலும் ஒரு படிவம் வரும். குறைக்குக் கேட்டிருக்கும் கட்டங்களை நீங்கள் எப்படியும் நிரப்பிவிடுவீர்கள், நிரப்பாமல் அது உங்களை விடாது. நல்லதைக் கேட்கும் கட்டம் கீழே எங்கேயாவது இருக்கும். அதை முதலில் எழுதுங்கள். எழுதியதை அந்த ஆசிரியரிடம் படித்துக் காட்டிவிட்டு, பிறகு மேலே போங்கள். டெர்ம் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று வைக்காதீர்கள்.

நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு, தாள்களை ஒன்று முதல் பதினொன்று வரை அடுக்கி உறைக்குள் வைத்தேன். ஆறாவது வாரத்துத் தாளை மட்டும் ஒரு முறை பார்த்தேன். வெங்காயத் தோல் வகுப்பு நடந்த தேதி மேலே இருந்தது. அதன் கீழே ஐந்து கட்டத்திலும் என் ஆங்கிலம். ஆறாவது கட்டம் வெள்ளையாக இருந்தது.